பஸ் என்று நீ சொன்னது

நேற்று மத்தியானம் எங்கள் வீட்டு டி.வி.யில் ஒருவனுக்குக் கண் வீங்கியது. இடது கண். முதலில் புருவத்துக்குக் கீழே சிவந்தது. பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. பிறகு இமை தானாக மூடிக்கொண்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். தின்ற மீன் தொண்டைக்கு ஏறி வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பதறாதே, ஆள் இல்லை, பொம்மை. வீடியோ கேம். என் சின்ன மகளின் மாப்பிள்ளை ராமநாதபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். கம்ப்யூட்டர் வேலையில் மாற்றலாகி, போன வருஷம்தான் இந்தத் தீவுக்கு வந்தார். கராச்சர்மாவில் எங்களோடுதான் இருக்கிறார். நாற்பது வயது. ஞாயிற்றுக்கிழமையானால் இந்தக் கருமத்தை டி.வி.யில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவில்லை போலும் என்று விளக்க ஆரம்பித்தார்.

"மாமா, சண்டை கேம்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஆர்கேட். பறந்து பறந்து அடிப்பான், கையிலேருந்து நெருப்பு வரும், விழுந்தா பந்து மாதிரி எந்திரிப்பான். அது சின்னப் புள்ளைகளுக்கு. இது ரியலிஸ்டிக். மூச்சு வாங்கும், காலு தளரும், அடிச்ச எடம் வீங்கும். எல்லாம் நிஜம்."

"நிஜமா?"

"அசல் நிஜம் மாமா. இப்ப அவனுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு தெரியாது. அந்தப் பக்கமா அடிச்சா தடுக்க முடியாது, பாருங்க."

சொன்னபடியே அந்தப் பக்கமாகவே அடித்தார். ஜெயித்தார். அப்புறம் ஒரு பட்டனை அமுக்கினார். அதே ஆள் இரண்டு கண்ணையும் முழித்துக்கொண்டு புதுசாக வந்து நின்றான். இதுதான் நிஜமாம். தூ. உனக்கு அந்தப் பட்டனை யார் கொடுத்தார்கள்?

நீ போய் நாலு மாசமாகிறது. உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பது வருஷமாக வயிற்றுக்குள் வைத்துப் புளிக்கவிட்ட பதில். நீ ஒரு தடவை கேட்டாய், நான் ஓடிவிட்டேன். இன்று ஓடுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரேயடியாகச் சொல்ல நாக்கு வரவில்லை, கொஞ்சம் பொறு. முதலிலிருந்து வருகிறேன்.

ஹேடோ கப்பல் துறையில் நீ கிரேன் டிரைவர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்தவன். நான் இங்கேயே பிறந்தவன், பஜாரில் வாப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது, இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ. நாடகத்துக்குத் திரைத்துணி வாங்க வந்தாய். நான் ஒரு தெலுங்குக்காரரோடு ஹிந்தியில் விலைக்குக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாய்.

"ஏல பாய், ஒன் தொண்டைக்கு ஒரு ராஜா வேசம் இருக்கு. வாரியா?"

அப்படித்தான் வந்தேன், வாப்பாவுக்குத் தெரியாமல். ஹேடோ குவார்ட்டர்ஸில் இருந்த தமிழாட்கள் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர் இது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் நம் நாடகமெல்லாம் வெயிலில்தான், இரண்டு மணிக்கே தொடங்கிவிடும்.

நீ வில்லன், நான் ராஜா. ஒத்திகை, கொப்பரை மூட்டை அடுக்கியிருந்த கோடவுனில். ஞாயிறு காலையில் நீ சர்ச்சில் பூசை முடிந்து வருவாய், நான் கடையில் ஏதாவது பொய் சொல்லிவிட்டு வருவேன். அந்தக் கொப்பரை வாசனையில்தான் நாம் காத்தடி பழகினோம். காத்தடி என்பது நீ வைத்த பெயர். என் கைக்கும் உன் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. என் கை காற்றில் போகும்போது உன் தலை திரும்ப வேண்டும், அதே நொடியில் நீ உன் தொடையில் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். நான் செய்வது வெறும் கைவீச்சு, மற்ற எல்லாம் உன் வேலை. நீ ஒரு சுற்றுச் சுற்றுவாய், இரண்டாவது சுற்றில் காலைத் தூக்குவாய், மூன்றாவதில் மூட்டைமேல் மல்லாக்க விழுந்து புழுதி கிளப்புவாய். எழுந்து வேட்டியை உதறிவிட்டு, "நல்லா அடிச்சல" என்று சிரிப்பாய்.

"வாங்குறவந்தாம்ல சண்ட போடுதான். அடிக்கவன் சும்மா ஈ ஓட்டுதான்" என்பாய். அன்று அது எனக்குத் தமாஷாகப் பட்டது.

மேடையில் உன் விழுதலுக்கு மைதானமே எழுந்தது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத வங்காளிகளும் மலையாளிகளும் குடும்பத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்தார்கள், நீ பறப்பதைப் பார்க்க. வில்லன் செத்து விழுந்ததும் "ஃபிர் ஸே, ஃபிர் ஸே" என்று கத்துவார்கள், மறுபடி சாகச் சொல்லி. செத்தவன் எழுந்து கும்பிட்டு இன்னொரு தடவை சாவாய். யாருக்கும் அது பொய்யென்பதில் வருத்தம் இல்லை. எனக்கும் இல்லை, முதல் இரண்டு வருஷம்.

நமக்குள் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம், நினைவிருக்கிறதா? எப்போதாவது கால் தடுக்கினாலோ, நிஜமாகவே எங்காவது பட்டுவிட்டாலோ, சண்டையை நிறுத்த. அதையும் நீதான் யோசித்தாய்.

"‘ஐயோ’ன்னா நடிப்பும்பான். ‘விட்டுரு’ன்னா வசனம். ‘போதும்’ங்கதும் வசனத்துல இருக்கு. தமிழ் ஒதவாது பாய். ஹிந்தில ‘பஸ்’னு சொல்லுதேன். அந்தச் சொல்லு விழுந்தா கைய எடுத்துரணும்."

பஸ் என்றால் போதும். இந்தத் தீவில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்னே பழகுகிற சொல். டீ ஊற்றும்போது பஸ், எடை போடும்போது பஸ், மழை விட்டால் பஸ். ராஜா நாடகத்தில் எவனும் ஹிந்தி பேசப்போவதில்லை. ஆகவே குழப்பமே கிடையாது. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொன்னாய், பலகையில் துருத்திய ஆணி காலில் ஏறியபோது. நான் அந்த நொடியே கையை எடுத்தேன்.

மூன்றாவது வருஷம் சமூக நாடகம் போடுவோம் என்றார்கள். எழுபதுகளின் தொடக்கம், ராஜா வேஷம் பழசாகிவிட்டது. கதையில் நீ பஸ் கண்டக்டர், பெண்களிடம் வாலாட்டுகிறவன். நான் தட்டிக்கேட்கிற கதாநாயகன். சண்டை பஸ் ஸ்டாப்பில். ஒத்திகையில் நீதான் முதலில் கவனித்தாய்.

"ஏல, இப்ப நம்ம சொல்லுல ஒரு வில்லங்கம் இருக்குலா? நான் கண்டக்டரு. பஸ்னு சொன்னா தமிழு பஸ்ஸா ஹிந்தி பஸ்ஸா? வேற சொல்லு வைப்பமா?"

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "எதுக்குப்பா மாத்தணும்? நான் என்ன நேத்து கப்பல்ல வந்தவனா? எங்க உம்மா பாலோட இந்த ஹிந்தியையும் சேத்துக் குடிச்சவன். எனக்கா வித்தியாசம் தெரியாது?"

இதை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கிளார்க்கு கடைக்கு வந்தான். மெயின்லேண்டிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் புதிதாக வந்தவன், எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுருக்குவான். சட்டைத்துணியைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"போன வருஷம் உங்க நாடகம் பார்த்தேங்க. அடி விழறதுக்கு முன்னாடியே ஆளு பறக்கறாரு. ஒரே பொம்மலாட்டம். மெட்ராஸ்ல எல்லாம் ஸ்டேஜ்ல அடிச்சா அடிதான். சண்டைன்னா ஒரு நிஜம் வேணாமா? இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க. கைதட்டு பூரா அந்த விழறவருக்குத்தான் போகுது. நீங்கதான் ஹீரோன்னு யாருக்குத் தெரியுது?"

துணி வாங்காமலே போனான், விளங்காதவன். அவன் போட்டுவிட்டுப் போனது மட்டும் போகவில்லை. அவன்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவன் சொன்னது எனக்குள் ஏற்கெனவே இருந்த சொறி. அவன் விரலை வைத்தான், நான் சுகமாகச் சொறிந்துகொண்டேன். ஆமாம், பொறாமைதான். உன் விழுதல்மேல் எனக்குப் பொறாமை. விழுகிறவன்மேல் பொறாமைப்பட்ட ஒரே முட்டாள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

உன்னிடம் வந்து வேறு மாதிரிச் சொன்னேன். "இந்தச் சுத்துறது பறக்குறது எல்லாம் சின்னப்புள்ளத்தனமா இருக்குப்பா. கொஞ்சம் நிஜமா இருக்கட்டும். தோள்ல ரெண்டு அடி பட்டாத்தான் என்ன?"

நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தாய். "நெச அடி பாக்கணும்னா சாராயக்கட வாசல்ல போய் நிக்கட்டும். நாடகத்துக்கு எதுக்குல வாராக? பொய்னு தெரியப்போயிதாம்ல பாய், பொம்பளையளும் புள்ளையளும் சிரிச்சிட்டுப் பாக்காக. நெசம்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாக."

எல்லாவற்றிலும் நீதான் சரி. இதில் மட்டும் தப்பாகச் சொல்லிவிட்டாய். அன்று யாரும் எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். டிரம்களை நிறுத்தி மேலே பலகை போட்ட மேடை. திரை எங்கள் கடைத் துணி. மூன்றாவது வரிசையில் உன் மனைவி, கல்யாணமாகி நாலு மாசம், தலையில் கனகாம்பரம். முன்வரிசையில் அந்தக் கிளார்க்கு, காலுக்குமேல் கால். சண்டை தொடங்கியது. இரண்டு காத்தடி போட்டேன், நீ அழகாகத் திரும்பினாய், தொடையில் தட்டினாய். எவனோ பின்னாலிருந்து "நக்லி ஹை" என்று கத்தினான். டூப்பாம். முன்வரிசையில் கிளார்க்கு சிரித்தான். அடுத்த அடியில் அந்த ஒரு சாண் இடைவெளியை நான் விடவில்லை.

தோளில் பட்டது. தொடையில் தட்டினால் வருகிற சத்தமில்லை இது, ஈரச் சாக்கைத் தரையில் போட்டது போலக் கனமாக வந்தது. பிறகு விசில். அந்த விசில் எனக்கு. முதல்தடவையாக எனக்கு. நீ என்னைப் பார்த்தாய். கோபமில்லை, ஆணி ஏறிய அன்று பார்த்த மாதிரிதான் பார்த்தாய். மெதுவாகச் சொன்னாய், "பஸ்."

நான் அடித்தேன். நெஞ்சில்.

"பஸ்" என்றாய், இந்தத் தடவை உரக்க. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் அடி தாங்காமல் பஸ்ஸைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். "கராச்சர்மா, கராச்சர்மா" என்று ஒருவன் கண்டக்டர் குரலில் கத்தினான். சிரிப்பும் விசிலும் சேர்ந்து காது அடைத்தது. நீ ஒரு எட்டு முன்னால் வந்து மூன்றாவதாகவும் ஏதோ சொன்னாய். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. என் வலது கை உன் இடது கண்ணில் விழுந்தது.

நீ சுற்றவில்லை. காலைத் தூக்கவில்லை. நின்ற இடத்தில் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாய். அவ்வளவுதான். நிஜமாக அடிபட்டவன் அழகாக விழமாட்டான் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. கூட்டத்துக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நீ எழுந்து வேட்டியை உதறவில்லை என்றதும், "ஃபிர் ஸே" என்று கத்தினார்கள். இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் வாயில் உப்புத்தண்ணீர் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அது. நிஜம் வேண்டுமென்று கேட்டவர்கள், நிஜம் வந்து எதிரே கிடந்தபோது அது நன்றாயில்லை என்று மறுபடி கேட்டார்கள். உன் மனைவி மட்டும் எழுந்து ஓடிவந்தாள். அவள் ஏறும்போது மேடைப்பலகை ஆடியது.

கண்ணுக்குள் திரை கிழிந்துவிட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மெட்ராஸ் போக வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த கப்பல் வர ஒன்பது நாள். கடலில் நாலு நாள். போய்ச் சேர்ந்தபோது அங்கே செய்வதற்கும் ஒன்றுமில்லை.

கப்பலுக்குக் காத்திருந்த அந்த ஒன்பது நாளில்தான் உன் ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்தாய். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மார்பீட் ஹுவா க்யா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே உன்னைக் கேட்டார். அடிதடியா என்று. ஆமாம் என்று நீ தலையை ஆட்டியிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், வாப்பா கடையை மூடியிருப்பார்.

"நஹி சாப்" என்றாய். "கல்தி ஹோ கயா. மைனே ஹிந்தி மே பஸ் போலா, இஸ்னே தமிழ் மே சுன் லியா."

இல்லை, தப்பு நடந்துபோச்சு, பஸ் என்று நான் ஹிந்தியில் சொன்னேன், இவன் தமிழில் கேட்டுவிட்டான். ஆபீசர் முதலில் முழித்தார், அப்புறம் புரிந்து வாய்விட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய், கட்டுக்குக் கீழே. நானும் சிரித்தேன். அல்லாஹ் அறிய, அந்தச் சிரிப்பைப் போல அசிங்கமான ஒன்றை நான் வாழ்நாளில் செய்ததில்லை. உன்னை அடித்ததைவிட அது அசிங்கம். அடித்தது மூன்று வீச்சு. சிரித்தது ஐம்பது வருஷம்.

அந்தக் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. ஹேடோவில் சொன்னார்கள், பஜாரில் சொன்னார்கள், கப்பலில் வந்தவனுக்கெல்லாம் சொன்னார்கள். ஹிந்தியில் சொன்னான், தமிழில் கேட்டான். எதிலாவது தப்பு நடந்தால் அதுவே பழமொழியாகிவிட்டது. நானும் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களிடம் துணியை அளந்துகொண்டே, உன் குரலை எடுத்துச் சொல்லுவேன். ஒரு பொய்யை அத்தனை தடவை சொன்னால் அது வாய்க்குப் பழகிவிடும், வயிற்றுக்குப் பழகவில்லை.

ஒற்றைக் கண்ணால் கிரேன் ஓட்ட விடமாட்டார்கள். கொக்கி எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்று உனக்குத் தெரியவில்லை. கோடவுன் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள், நாம் காத்தடி பழகிய அதே கோடவுன். டீ ஊற்றும்போது கிளாஸின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றுவாய், இல்லையென்றால் வெளியே போய்விடும். படகுத்துறைப் படியில் இறங்கும்போது காலால் துழாவுவாய். "எல்லாம் செவுத்துல ஒட்டுன படம் மாதிரி இருக்கு பாய், எது கிட்ட எது தூரம்னு தெரியல" என்று ஒரு தடவை சொன்னாய். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாய்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் மனைவிக்குக் கடையிலிருந்து ஒரு சேலை கொண்டுவருவேன். "எதுக்கு அண்ணே" என்று வாங்கிக்கொள்வாள். ஒன்றைக்கூட அவள் கட்டி நான் பார்த்ததில்லை. நீ பார்த்தும் பாராத மாதிரி இருப்பாய்.

என் மூத்தவள் நிக்காஹில் நீ அந்தக் கதையைப் பந்தியில் வைத்துச் சொன்னாய். சம்பந்தி வீட்டார் புரையேறச் சிரித்தார்கள். சொல்லி முடித்துவிட்டு நீ என்னைத் தேடினாய். அந்த வலது கண் என்மேல் வந்து நின்றது. என்னைத் திட்டவில்லை அது. ‘ஏல, இப்பவாவது’ என்று கேட்டமாதிரி இருந்தது. நான் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன்.

வாய்விட்டு ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். நீ ரிட்டயர் ஆக ஒரு மாசம் இருந்தபோது. கேட் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏல பாய், கோவப்படாத. அன்னைக்கு மேடையில..."

"தொழுகைக்கு நேரமாச்சுப்பா" என்று எழுந்துவிட்டேன். அசர் தொழுகைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. என்னோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பழகியவனுக்கு என் தொழுகை நேரம் தெரியாதா? "சரி, போ. தொழுதுட்டு வா" என்றாய். நான் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் ஹஜ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: படைத்தவனுக்குச் செய்த பிழையைப் படைத்தவன் மன்னிப்பான், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷனிடம்தான் போய்க் கேட்கணும். எனக்குச் சொன்ன மாதிரியே இருந்தது. அப்போது நீ உயிரோடு டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் உன் வீட்டில் இருந்தாய். ஒரு பஸ் பிடித்தால் வந்துவிடலாம். அடுத்த வாரம் என்று இருந்தேன். அடுத்த வாரம் எனக்குச் சளி, அதற்கடுத்த வாரம் மழை. வேண்டாதவனுக்குக் காரணமா கிடைக்காது?

உன்னைக் குழிக்குள் இறக்கியபோது கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றேன். மண் போட்டு முடிந்து எல்லோரும் கலைகையில் உன் மனைவி என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

"பாய் அண்ணே, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன். முதலில் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை அந்த வீங்கின கண்ணின் பக்கமாக அடித்தார் என்றேனே. மூன்றாவது அடிக்கு என் வாய் என்னைக் கேட்காமலே, "பஸ்" என்றது.

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக ரோட்டை எட்டிப் பார்த்தார். "எங்க மாமா? சத்தமே கேக்கலையே. இந்த நேரத்துல டவுனுக்கா போறீங்க? சொல்லிருந்தா நானே வண்டியில கொண்டு விட்டிருப்பேனே."

பாவம், மெயின்லேண்டு ஆள். வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஹிந்தி இன்னும் காதில் ஏறவில்லை. நிஜமாகவே தப்பாகக் கேட்டுவிட்டார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகக் கேட்டவன் முகம் இப்படித்தான் இருக்குமா? உடனே ரோட்டைப் பார்க்கிறது. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷமாக நான் ஊருக்குக் காட்டிய முகம் இதுவல்ல. என் முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்களெல்லாம் ஏமாறப் பிரியப்பட்டவர்கள். நீ ஏமாறவில்லை. நீ எனக்கு அந்த முகத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாய், நான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அந்தச் சண்டையை அணைத்துவிட்டு மற்றதைப் போடச் சொன்னேன், நெருப்பு வருகிறதை. ஒருவன் கையிலிருந்து தீப்பந்து விட்டான், மற்றவன் ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து, எழுந்து தூசியைத் தட்டினான். அவனைப் பார்க்க எனக்குக் குமட்டவில்லை. பொய் என்று சொல்லிவிட்டு அடிக்கிறார்கள், பொய் என்று தெரிந்து விழுகிறான். நீ இருந்திருந்தால் "லே, இவன் நம்ம ஆளு" என்றிருப்பாய்.

இன்று காலை பஸ் பிடித்து டெய்ரி ஃபார்முக்குப் போனேன். உன் மனைவி பின்வாசலில் உட்கார்ந்து சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. மீனைத் திருப்பி மறுபக்கத்தைக் கழுவினாள்.

"தெரியும்ண்ணே. நான் மூணாவது வரிசையிலதான இருந்தேன். ஒங்க மூஞ்சி தெரிஞ்சுது." சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அவுககிட்டல்லா சொல்லணும். கடைசி வரைக்கும் வாசலுக்கு நேராத்தான் கட்டில் போடச் சொன்னாக. பாய் வருவான், எதோ சொல்லணும்பான், எனக்கு இந்தக் கண்ணுல தூரத்துலயே தெரியணும்னு."

டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். வாசல் வழியாகப் பார்த்தேன், கட்டில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். கேட்டது. முதல் பஸ் கேட்டது, இரண்டாவது பஸ்ஸும் கேட்டது. ஹிந்தியில் சொன்னாய், ஹிந்தியிலேயே கேட்டது. ஊர் சிரித்த கதையில் இரண்டு பஸ்தான் உண்டு. மூன்றாவதாக நீ சொன்னதை ஆபீசரிடமும் சொல்லவில்லை, பந்தியிலும் சொல்லவில்லை. கேட்டவன் ஒருவன், சொன்னவன் ஒருவன், இப்போது நான் மட்டும்தான் அதை வைத்திருக்கிறேன். ஒரு எட்டு முன்னால் வந்து, என் முகத்துக்குக் கிட்டே, நல்ல தமிழில் சொன்னாய்.

"போதும்ல, பாய்."